சுருளும் சுவடியும்
அறிவியல் புனைவுப் படங்களுக்காக இரு நகரங்கள் காத்திருந்த வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடிவாரத்தில், மதுரையிலிருந்து தென்காசிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்தவை ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும். இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு பத்துக் கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி. ஒன்று பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த பழம்பதி. வானளாவிய கோபுரமும் ஆடிப்பூரத் தேரும் அதன் பெருமைகள். மற்றொன்று பருத்தியும் நூற்பாலைகளும் வளர்த்தெடுத்த தொழில் நகரம். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர். 1985ஆம் ஆண்டு வரை இரண்டும் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை.

இந்நகரங்களின் கலை வரலாற்றை எழுதுவோர் பாசுரத்தையும் கோயிற் சிற்பத்தையும் முதலிற் கூறுவர். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கிய பி. எஸ். குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு வழங்கிய கொடையை அடுத்துக் கூறுவர். திரைப்படத்தைப் பற்றிய பேச்சு எழுமாயின் அது நடிகர்களைப் பற்றியதாகவே பெரும்பாலும் முடிந்துவிடும். ஒரு படம் ஓர் ஊருக்கு எவ்வழியாக வந்து சேர்ந்தது, அதற்காக மக்கள் எவ்வளவு காலம் காத்திருந்தனர் என்னும் செய்தி ஏட்டில் ஏறுவதில்லை. அறிவியல் புனைவுப் படங்களைப் பொறுத்தவரை இக்காத்திருப்பே வரலாற்றின் பெரும்பகுதியாகும். எந்தப் படம் நிலைத்தது, எந்தப் படம் அழிந்தது என்பதையும் இக்காத்திருப்பே பல வேளைகளில் முடிவு செய்தது.

பெட்டி வரும் வரை

வீட்டுக்குள் படம் பார்த்தல் என்பது நினைப்பிலும் இல்லாத காலத்தில், படம் என்பது ஒரு தகரப் பெட்டி. அப்பெட்டி பேருந்திலோ இரயிலிலோ வந்து இறங்கினால்தான் ஊருக்குப் படம் வந்ததாகப் பொருள். திரைப்பட வணிகர் தமிழ்நாட்டைச் சில விநியோகப் பகுதிகளாகப் பிரித்திருந்தனர். மதுரையும் இராமநாதபுரமும் சேர்ந்தது ஒரு பகுதி. தமிழ்ப் படத்தின் பிரதிகள் முதலில் பெருநகர்களில் ஓடி, பின்னர் இடைநிலை நகரங்களுக்கும், இறுதியாகக் கிராமத்துக் கொட்டகைகளுக்கும் சென்றன. சிற்றூரை அடைகையில் பிரதியில் கோடுகள் விழுந்திருக்கும். சில இடங்களில் படம் அறுபட்டு ஒட்டப்பட்டிருக்கும்.

ஆங்கிலப் படங்களுக்கு இவ்வளவு வழியும் இல்லை. இந்தியாவிற்கு வந்த பிரதிகளே சில. அவை சென்னையிலும் மதுரையிலும் ஓடி ஓய்ந்த பின்னரே சிறு நகரங்களின் காலைக் காட்சிக்கு வரக்கூடும், வராமலும் போகக்கூடும். அமெரிக்கப் படநிறுவனங்களுடன் இந்திய அரசு செய்துகொண்டிருந்த உடன்பாடு 1971இல் முடிவுற்றது. 1975இல் புதிய உடன்பாடு ஏற்படும் வரை அங்கிருந்து புதுப்படங்கள் வருவது ஏறக்குறைய நின்றிருந்தது. ஆகவே, ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ 1968இல் வெளிவந்தது என்னும் செய்தியைப் பத்திரிகையிற் படித்த ஓர் இராஜபாளையத்துக் கல்லூரி மாணவன் அதனைக் காண்பதற்கு எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதற்குக் கணக்கே இல்லை.

இக்காலத்திலும் வீட்டுத் திரை என ஒன்று இருந்ததெனலாம். கொட்டகையில் வெட்டி எறியப்பட்ட படத்துண்டுகளைச் சிறுவர் பொறுக்கினர். நீர் நிரப்பிய மின்விளக்குக் குடுவையை வில்லையாகவும், முகம் பார்க்கும் கண்ணாடியில் திருப்பிய வெயிலை விளக்காகவும் கொண்டு, இருட்டறைச் சுவரில் அத்துண்டுகளைப் பெரிதாக்கிக் கண்டனர். அசையாத படம்; ஒலியும் இல்லை. ஆயினும் விரும்பிய காட்சியை விரும்பிய நேரத்தில் தன் வீட்டில் காண வேண்டும் என்னும் ஆவல் அங்கேயே முளைத்துவிட்டது.

தமிழில் எழுந்த முதல் முயற்சிகள்

அறிவியல் புனைவு மேனாட்டிலிருந்து மட்டுமே வந்ததென்று கருதுதல் பிழை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் டி. ஆர். சுந்தரம் அமெரிக்கருடன் இணைந்து உருவாக்கிய ‘காடு’ 1952இல் வெளிவந்தது. வில்லியம் பெர்க் இயக்கிய இப்படம் ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’ எனப்பட்டது. ராட் கேமரான், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகிய அமெரிக்க நடிகர்கள் இந்தியாவிற்கு வந்து நடித்தனர். யானைகள் வெறிகொண்டு ஊர்களை அழிப்பதற்குரிய காரணத்தைத் தேடிக் காட்டிற்குள் செல்லும் குழுவினர், அடர்மயிர் படர்ந்த தொல்பழங்கால யானைகளைக் காண்பதே கதை. இந்தியாவில் உருவான முதல் அறிவியல் புனைவுப் படமாக இதனைக் கருதுவோர் பலர். யானைகள் நடமாடும் மலையடிவாரத்தில் வாழ்ந்த மக்களுக்கு இக்கதை அயலானதன்று.

1963இல் ஏ. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’ வெளிவந்தது. எம்.ஜி.ஆரும் பி. பானுமதியும் நடித்த இப்படத்தில், வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வருகின்றனர். அவர்கள் நாடு பிடிக்க வரவில்லை. தம் உலகில் இல்லாத இசையையும் கலையையும் கற்பிக்க ஒரு பாடகியைத் தூக்கிச் செல்கின்றனர். படையெடுப்பையே பேசிய அக்கால மேனாட்டுப் படங்களினின்று இக்கருத்து வேறுபட்டது. விண்வெளியிலும் இசைக்குப் பஞ்சம் வரலாம் எனத் தமிழ்ப்படம் ஒன்று எண்ணியது நினைவிற்குரியது.

இவ்விரு படங்களின் பிற்கால வாழ்வு ஒப்பிடத்தக்கது. ‘கலை அரசி’ தலைமுறை தாண்டி வந்தது. அதனை வாழவைத்தது பறக்கும் கலமன்று, எம்.ஜி.ஆரின் பெயர். அவர் படம் எதுவாயினும் மீண்டும் காணக் காத்திருந்த பெருங்கூட்டம் இருந்தமையால் திரையரங்கினர் அதனைத் திரும்பத் திரும்பத் தருவித்தனர். ‘காடு’ படத்திற்கு அத்தகைய கூட்டம் அமையவில்லை. அதன் பெயரை இன்று திரைப்பட வரலாற்று நூல்களிலேயே மிகுதியும் காண முடிகிறது. அதனைத் தந்த மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு வளாகமும் மறைந்து, சேலத்தில் அதன் முகப்பு வளைவு மட்டுமே எஞ்சி நிற்கிறது.

டெக் வந்த காலம்

சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் கருவி 1975இலும், ஜேவிசி நிறுவனத்தின் விஎச்எஸ் கருவி 1976இலும் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. தமிழ்நாட்டின் தென்பகுதியில் அப்போது தொலைக்காட்சியே அரிது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியதாயினும் அதன் ஒளிபரப்பு இம்மலையடிவாரத்தை எட்டவில்லை. 1982இல் இலங்கை ரூபவாஹினி தொடங்கியதும், தென்மாவட்டங்களில் உயர்ந்த ஆண்டெனாக்களை நட்டு அதனைப் பிடித்தவர் உண்டு. கோடைக்கானலில் ஒளிபரப்பு நிலையம் அமைந்த பின்னரே தூர்தர்ஷன் இங்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஆகவே, இவ்வூர்களில் பலருக்கு வண்ணத் தொலைக்காட்சியும் வீடியோவும் சேர்ந்தே அறிமுகமாயின. மக்கள் இக்கருவியை ‘டெக்’ என்றனர். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் திரும்புவோர் கொணர்ந்த கருவிகளும், நகரக் கடைகளில் வாடகைக்குக் கிடைத்த கருவிகளும் திருமண வீட்டிலும் கோயில் கொடையிலும் இடம்பெற்றன. ஓரிரவு வாடகைக்கு டெக்கும் பெட்டியும் எடுத்தால் மூன்று நான்கு கேசட்டுகள் உடன்வரும். பக்திப்படம் ஒன்று, எம்.ஜி.ஆர். படமோ சிவாஜி படமோ ஒன்று, புதுப்படம் ஒன்று. விடியற்காலையில் முதியோர் உறங்கிய பின் ஓர் ஆங்கிலப் படம். விண்வெளிக் கலங்களையும் இயந்திர மனிதரையும் இவ்வூர்களில் பலர் முதன்முதலாகக் கண்டது அந்த விடியற்காலையில்தான்.

சட்டம் இதன் பின்னே விரைந்தது. தமிழ்நாட்டில் வீடியோ வழியாகப் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1984இல் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் நடுவணரசின் பதிப்புரிமைச் சட்டமும் திருத்தப்பட்டு, வீடியோப் படங்களின் மீது உரிமையாளர் பெயர் முதலிய விவரங்களை அச்சிட வேண்டும் என விதிக்கப்பட்டது. இச்சட்டங்களின் தேவையை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘இ.டி.’ 1982 ஜூன் மாதம் அமெரிக்கத் திரைகளில் வந்தது. அதன் முறையான கேசட் 1988 அக்டோபரில்தான் அங்கே விற்பனைக்கு வந்தது. ஆறாண்டுக்கும் மேற்பட்ட அவ்விடைவெளியைத் திருட்டுப் பிரதிகள் உலகெங்கும் நிரப்பின. முறையான கேசட்டை அடையாளங் காண்பதற்காகப் பச்சை நிறப் பகுதிகள் அதிற் பொருத்தப்பட்டன. அமெரிக்க வீட்டாருங்கூட முறையான பிரதிக்கு ஆறாண்டு காத்திருந்தனர் என்பது, சிற்றூரார் தாம் மட்டுமே பிந்தியவர் எனக் கருத வேண்டியதில்லை என்பதைக் காட்டும்.

இதே ஆண்டுகளில் தமிழ்த்திரையும் அறிவியலை நாடியது. சுஜாதாவின் எழுத்தில் 1986இல் ‘விக்ரம்’ வந்தது. வேலு பிரபாகரன் இயக்கத்தில் 1989இல் ‘நாளைய மனிதன்’ வந்தது. வார இதழ்த் தொடர்கள் வழியாகச் சுஜாதா உருவாக்கிய வாசகர் கூட்டமே இப்படங்களின் முதற் கூட்டமாகவும் அமைந்தது. நூலகத்தில் படித்தவர் கொட்டகையில் தேடினர். கொட்டகையில் கிட்டாததைக் கேசட் கடையில் கேட்டனர்.

ஏடு தேடியவர் வழி

பழைய படங்கள் வீட்டுத் திரையை அடைந்த வரலாறு, ஓலைச்சுவடிகள் அச்சேறிய வரலாற்றைப் பெரிதும் ஒத்திருக்கிறது. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று சுவடி தேடி, பிரதிகளை ஒப்புநோக்கி, 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தார். ஒரு பிரதியில் சிதைந்த அடி மற்றொரு பிரதியில் முழுமையாய் இருக்கும். ஒரு நூலின் ஏடு எதிர்பாராத வீட்டின் பரணில் கிடைக்கும்.

படச்சுருளுக்கும் இதுவே நேர்ந்தது. பிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ 1927 ஜனவரியில் பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. இரண்டரை மணி நேரம் ஓடிய அப்படம் விரைவில் வெட்டிக் குறைக்கப்பட்டது. வெட்டிய பகுதிகள் மறைந்தன. எண்பது ஆண்டு உலகம் கண்டது குறைப்படத்தையே. 2008இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரத் திரைப்பட அருங்காட்சியகத்தில் 16 மில்லிமீட்டர் பிரதி ஒன்று அடையாளங் காணப்பட்டது. கீறல்கள் நிறைந்த அப்பிரதியில் ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகள் மிகுதியாக இருந்தன. 2010 பிப்ரவரியில் செப்பம் செய்த படம் பெர்லினில் திரையிடப்பட்டது. அவ்வாண்டிலேயே குறுந்தட்டாகவும் வந்தது.

ஜார்ஜ் மெலியேயின் ‘நிலவுப் பயணம்’ 1902இல் எடுக்கப்பட்டது. மெலியேயின் பிரதிகள் பல முதல் உலகப்போர்க் காலத்தில் உருக்கப்பட்டுக் காலணிக் குதிகாலாயின. எஞ்சிய மூலச்சுருள்களை 1923இல் அவரே எரித்தார். கையால் வண்ணம் தீட்டிய ஒரு பிரதி 1993இல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் வெளிப்பட்டது. ஒன்றோடொன்று ஒட்டி இறுகியிருந்த அச்சுருளைச் சிறிது சிறிதாகப் பிரித்துச் செப்பம் செய்து 2011இல் கான் திரைப்பட விழாவில் காட்டினர். ஓலையை எண்ணெய் தடவிப் பிரித்த கைகளுக்கு இவ்வேலையின் அருமை விளங்கும்.

பாட வேறுபாடும் இங்கு உண்டு. ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேட் ரன்னர்’ 1982இல் ஒரு வடிவிலும், 1992இல் இயக்குநர் வடிவிலும், 2007இல் இறுதி வடிவிலும் வந்தது. 2007இன் குறுந்தட்டுத் தொகுதி ஒன்றில் ஐந்து வடிவங்கள் அடங்கின. அதனைப் பாட வேறுபாடுகளுடன் கூடிய செம்பதிப்பு எனலாம்.

இராயரின் அவைக்கு ஒரு பயணம்

இவ்விரு நகரங்களின் வரலாற்றோடு நெருங்கிய அறிவியல் புனைவுப் படம் ஒன்று உண்டு. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சி 1509–1529) தெலுங்கில் இயற்றிய காவியம் ‘ஆமுக்தமால்யதா’. சூடிக்கொடுத்தவள் என்பது பொருள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளே அதன் தலைவி. ஆண்டாளின் ஊரைப் பற்றிய அக்காவியம் ஆண்டாளின் மொழியில் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. இராஜபாளையத்துப் பன்மொழிப் புலவர் மு. கு. ஜகந்நாத ராஜா அதனைத் தமிழாக்கி, அதற்காக 1989ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார். அண்டை நகரத்தார் ஒருவரே அக்காவியத்தை வீட்டுக்கு அழைத்து வந்தார்.

அதன்பின் 1991இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய ‘ஆதித்யா 369’ தெலுங்கில் வெளிவந்தது. தமிழில் ‘அபூர்வ சக்தி 369’ எனப்பட்டது. எச். ஜி. வெல்ஸ் 1895இல் எழுதிய ‘கால இயந்திரம்’ நாவலின் தாக்கத்தில் எழுந்த இப்படத்தில், கதைமாந்தர் காலப்பொறியில் ஏறிக் கிருஷ்ணதேவராயரின் அவையை அடைகின்றனர். பின்னர் 2504ஆம் ஆண்டிற்கும் செல்கின்றனர். இசை இளையராஜாவினுடையது. வெல்ஸின் பொறி நெடுந்தொலைவு எதிர்காலத்தை நோக்கியே விரைந்தது. சிங்கீதத்தின் பொறியோ முதலில் ஆண்டாளைப் பாடிய அரசனின் வாயிலில் நின்றது. வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் இராஜபாளையத்தாரில் ஒரு பகுதியினர்க்கு, இரு வடிவங்களும் தம்முடையவை. அப்படம் செப்பம் செய்யப்பட்டு 2025இல் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் அதனை வேண்டி நின்றோர் இருந்தமையால் அது நிகழ்ந்தது.

காத்திருப்போர் அற்றவை

வேண்டுவோர் இல்லாத படங்களின் கதி வேறு. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ இன்று இல்லை. தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட மௌனப் படங்களுள் எஞ்சியதாக அறியப்படுவது, நாகர்கோவிலைச் சேர்ந்த நிறுவனம் 1930களின் தொடக்கத்தில் எடுத்த ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே. அதுவும் தப்பியது ஒரு வழக்கினால். சி. வி. இராமன்பிள்ளையின் நாவலுக்குரிய பதிப்புரிமை பற்றிய வழக்கில் பிரதி முடக்கப்பட்டு, நாவலின் பதிப்பகத்தாரிடம் கிடந்தது; 1974இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதனைப் பெற்றது. 1964இல் நிறுவப்பட்ட அக்காப்பகத்தை வளர்த்தவர் பி. கே. நாயர். அங்கும் 2003 ஜனவரியில் எழுந்த தீயில் பழைய நைட்ரேட் சுருள்கள் பெருமளவில் அழிந்தன.

கருவிகளும் நிலைக்கவில்லை. 2007 அளவில் மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கும் 34 ரூபாய்க்கும் படத்தட்டுகளை விற்கத் தொடங்கியபோது, பேருந்து நிலையக் கடையிலேயே பழைய படம் வாங்கும் நிலை வந்தது. 2016இல் ஜப்பானின் பூனாய் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியதோடு வீடியோ கேசட் கருவியின் காலம் முடிந்தது. மோசர் பேயர் நிறுவனமும் பின்னர் மூடப்பட்டது. இன்று படங்கள் இணையவழி கைப்பேசிக்கே வருகின்றன. ஆயின் அங்கு இருப்பவை, உரிமையாளர் இருக்கவிடும் வரை இருப்பவை. அலமாரியில் வைத்த கேசட்டைப் பூஞ்சணம் தின்னலாம். ஆனால் எவரும் ஒரே இரவில் எல்லா வீட்டிலிருந்தும் அதனை எடுத்துவிட முடியாது.

ஆகவே, காத்திருப்பின் தேவை நீங்கிவிட்டதென்று கொள்வதற்கில்லை. காத்திருத்தல் என்பது வாளாவிருத்தல் அன்று. பெயரை நினைவில் வைத்தல், கடைதோறும் கேட்டல், கிடைத்ததைப் பிறர்க்குக் காட்டல், குறையுள்ள பிரதியைக் குறையென்று அறிதல் ஆகியவை அதன் கூறுகள். புவெனஸ் அயர்ஸ் பிரதி வெளிப்பட்டது, அப்படம் முழுமையற்றது என்பதை எண்பது ஆண்டு மறவாதவர் இருந்தமையால். இராயர் காவியம் தமிழுக்கு வந்தது, அஃது இங்கு வரவேண்டும் என ஒருவர் கருதியமையால்.

ஆங்கில விண்கலங்களுக்காக விடியும் வரை விழித்திருந்த இவ்வூர்கள், தமிழில் எழுந்த ‘காடு’, ‘கலை அரசி’, ‘நாளைய மனிதன்’ போன்றவற்றிற்காக அவ்வாறு விழித்திருந்தன என்று சொல்வதற்கில்லை. அவையும் செம்பதிப்புக்கு உரியவை. அவற்றின் பாட்டுப் புத்தகம், விளம்பரத் தாள், நுழைவுச் சீட்டு ஆகியன இன்னும் சில வீடுகளின் பரணிலும் பழைய திரையரங்குகளின் அறைகளிலும் இருத்தல் கூடும். ஏடு தேடியவர் அன்று வீடு வீடாகச் சென்று கேட்டார். கேட்ட வீடுகளில் சிலவற்றிலேனும் கிடைத்தது. படம் தேடுவோர்க்கும் வழி அதுவே. அதனைச் செய்வதற்கு இலக்கிய வட்டங்களினும் ஏற்ற அமைப்பு இல்லை. பழையதைக் கேட்டு வாங்கிப் படிப்பதும், பிறர்க்குப் படித்துக் காட்டுவதும் அவற்றின் அன்றாடத் தொழில் அன்றோ?